ஐந்து நாடுகளும் ஓர் உப்புமாவும்

கடந்த ஒரு வருடத்தில் நான் ஐந்து நாடுகளுக்குப் போய்வந்தேன். இதைச் சொன்னால் பம்பாய் திலக் நகரில் எங்கள் கட்டடத்துக்காரர்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறார்கள். அங்கெல்லாம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டால்தான் வம்பு. நான் பார்த்தது இருபத்திரண்டு தலைகள். பஸ் ஏறும்போது எண்ணினேன், இறங்கும்போது எண்ணினேன். நடுவில் உலகம் எங்கேயோ ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது.

முப்பத்துமூன்று வருடம் ஓர் அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற பதினைந்தாம் நாள் என் மனைவி லலிதா, “ஏன்னா, கொஞ்ச நேரம் எங்கேயாவது வெளியில போய்ட்டு வாங்கோளேன்” என்றாள். அவள் சொன்னது செம்பூர் பூங்காவை. நான் துபாய்க்குப் போனேன்.

மாட்டுங்காவில் சேஷாத்ரி என்பவர் ஒரு சுற்றுலா நிறுவனம் வைத்திருக்கிறார். ‘ஓராண்டு, ஐந்து நாடு’ என்று ஒரு திட்டம் போட்டிருந்தார். ஒரே இருபத்திரண்டு பேரை ஐந்து தேசங்களுக்கும் அழைத்துப் போக வேண்டும். எல்லாரும் மாட்டுங்கா, செம்பூரைச் சேர்ந்த ஓய்வு பெற்ற தம்பதிகள். விளம்பரத் தாளில் ‘எங்கே போனாலும் நம்மாத்துச் சாப்பாடு’ என்பதுதான் பெரிய எழுத்து. நாடுகளின் பெயர் அதற்கடியில், மருந்துப் பாட்டிலில் எச்சரிக்கை போட்டிருப்பதைப் போல, பொடி எழுத்தில் இருந்தது. இந்தக் கூட்டத்தை மேய்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நம்மாத்துச் சாப்பாட்டைச் சமைக்கும் வேலை சுடலைமுத்துவுக்கு.

சுடலை தாராவிக்காரர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வடாலாவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இருபது வருடம் சமைத்தவர். ஆறடி உயரம், நிதானமான பேச்சு. விமானத்தில் அவர் பெட்டியில் நாலு சட்டையும் முப்பது கிலோ மளிகையும் இருக்கும்.

துபாயில் முதல் இரண்டு நாள் தமிழைத் தவிர வேறு மொழி தேவைப்படவில்லை. பஸ் ஓட்டியவர் தென்காசி, விடுதியில் பெட்டி தூக்கியவர் ராமநாதபுரம். உலகத்திலேயே உயரமான கட்டடத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்த விஸ்வநாதன், “இதோட மெயின்டனன்ஸ் யார் பாக்கறா? அடிக்கடி நின்னுபோற நம்ம செம்பூர் மோனோரயில் மாதிரி ஆயிடாதே?” என்றார். விஸ்வநாதன் மாட்டுங்காவில் வங்கி அதிகாரியாக இருந்தவர். எங்கள் குழுவுக்குத் தேர்தல் இல்லாமலே தலைவரானவர். வங்கியில் அவருக்குக் கீழே நாற்பது பேர் இருந்தார்களாம். இப்போது நான் ஒருவன் இருந்தேன்.

இரண்டாவது தாய்லாந்து. தண்ணீர்ச் சந்தையில் படகு படகாகப் பழமும் பலகாரமும் கண்ணைப் பறித்தன. எங்கள் ஆட்கள் படகில் உட்கார்ந்து, சுடலை கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைப் பிரித்தார்கள். பக்கத்துப் படகில் நூடுல்ஸ் விற்ற அம்மாள் எங்கள் வழிகாட்டியிடம் ஏதோ கேட்டாள். என்ன கேட்கிறாள் என்றேன். வழிகாட்டி கொஞ்சம் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தான்: “இவர்களெல்லாம் எந்த ஜெயிலிலிருந்து வருகிறார்கள், சோற்றைக்கூடக் கையோடு கொடுத்து அனுப்பியிருக்கிறார்களே என்கிறாள்.”

விஸ்வநாதன் மாவடுவைக் கடித்தபடி, “என்ன சொல்றா?” என்றார்.

“வாசனை நன்னாருக்காம்.”

“பின்னே?” என்றார் அவர்.

சுடலை அந்தச் சந்தையைப் பார்க்கவில்லை. சாயங்காலச் சாப்பாட்டுக்கு விடுதியின் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். துபாயிலும் அப்படித்தான். ஊர் பார்க்க நாங்கள் கிளம்பும் நேரம்தான் அவருக்கு அடுப்பு கிடைக்கும் நேரம். அது எனக்கு அப்போது விசேஷமாகப் படவில்லை.

மூன்றாவது சுவிட்சர்லாந்து. இரண்டு ஏரிக்கு நடுவில் இருக்கும் இன்டர்லாக்கனில் தங்கினோம். சன்னலைத் திறந்தால் பனி மலை. அதைப் பார்த்ததும் பதினொரு தம்பதிகளும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். அங்கே சுடலைக்கு விடுதியின் சமையலறை காலை ஒன்பதுக்கு மேல்தான் கிடைக்கும். எனவே காலைப் பலகாரம் மட்டும் அவர்கள் வைப்பதுதான்: ரொட்டி, பாலாடைக்கட்டி, குளிர்ந்த பால். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு என் அறைக் கதவு தட்டப்பட்டது. விஸ்வநாதன். பின்னால் குரங்குக் குல்லாய்களுடன் ஏழெட்டுப் பேர்.

“ரெண்டு நாளா ரொட்டி. இது டூரா, ஆஸ்பத்திரியா? எட்டரைக்கு மலை ரயில். வெறும் வயத்தோட மேல போனா மூச்சு நிக்கும். சூடா ஒரு உப்புமா பண்ணச் சொல்லும்.”

“சமையல்கட்டு ஒம்பதுக்குத்தான் தொறப்பா.”

“அப்போ சேஷாத்ரிக்கு நான் போன் பண்ணட்டுமா?”

நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு, கோடியில் இருந்த சுடலையின் அறைக்குப் போனேன். அவரிடம் அவசரத்துக்கென்று ஒரு மின் அடுப்பு உண்டு.

“வேண்டாம் சார், கேட்டியளா” என்றார். “மேல வட்டமா ஒண்ணு இருக்குல்லா, பொகையக் கண்டா அது கத்தும். ரூம்ல அடுப்பு வைக்கக் கூடாதுன்னு கதவுலயே எழுதிப் போட்ருக்கான்.”

“எல்லாம் நான் பாத்துக்கறேன். குளியல் ரூம்ல பிளாஸ்டிக் தொப்பி ஒண்ணு வெச்சிருப்பான் பாரு. அதை அந்த வட்டத்துல மாட்டு. சன்னலைத் தொறந்து வெச்சுக்கோ. நான் சொல்றேன், நீ பண்ணு.”

அவர் கதவில் எழுதியிருந்ததை இன்னொரு முறை பார்த்தார். பிறகு நாற்காலியில் ஏறித் தொப்பியை மாட்டினார்.

திட்டம் பழுதில்லாதது. அறையிலிருந்த வட்டம் வாயே திறக்கவில்லை. உப்புமா வெந்து, மேலே கொட்டத் தாளித்த கடுகு வெடித்து, மிளகாய் வற்றல் கருகத் தொடங்கிய நேரத்தில், ஆயிற்றா என்று கேட்க நான் கதவைத் திறந்தேன். சன்னல் வழியே போகாமல் நின்றிருந்த புகை மொத்தமும் நடைபாதைக்கு வந்தது. நடைபாதையில் இருந்த வட்டத்துக்குத் தொப்பி இல்லை.

ஐந்து மாடி விடுதி முழுவதும் அலறியது. பத்து நிமிடத்தில் எல்லாரும் குளிரில், வாசலில் நின்றோம். ஜெர்மன்காரர்கள், சீனத் தம்பதி, ஒரு கைக்குழந்தை, வேட்டிக்கு மேல் கம்பளிக் கோட்டு போட்ட எங்கள் ஆட்கள். இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. உள்ளே போன வீரர் கண்ணைக் கசக்கிக்கொண்டும் தும்மிக்கொண்டும் வெளியே வந்து, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ஜெர்மனில் என்னவோ சொன்னார். அவள் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: “தீ எதுவும் இல்லையாம். ஆனால் யாரோ ஏதோ ஆயுதத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்கிறார்.”

“மிளகா வத்தல்னு சொல்லும்” என்றார் விஸ்வநாதன்.

மேலாளர் வந்து, யார் செய்தது என்று கேட்டார். சுடலை கையில் கரண்டியோடு நின்றிருந்தார். கரண்டியோடு நிற்பவன் விஷயத்தில் யாரும் வேறு சாட்சி தேடுவதில்லை. சுடலை என்னைப் பார்த்தார். நான் அப்போது தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மிகக் கவனமாக, இரண்டு முறை.

உப்புமா வீணாகவில்லை. பாத்திரத்தோடு பஸ்ஸில் ஏற்றி, ரயில் நிலையம் போவதற்குள் வழித்துச் சாப்பிட்டார்கள். கொஞ்சம் உப்பு தூக்கல் என்றார் ஒருவர்.

பம்பாய் திரும்பியதும் சேஷாத்ரி என்னைக் கூப்பிட்டார். “ஓட்டல்காரன் விளக்கம் கேக்கறான். என்ன நடந்ததுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்கோ சார். உங்களுக்குத் தெரியாததா?”

உண்மைதான். எனக்குத் தெரியாததா? முப்பத்துமூன்று வருடம் ஆளே இல்லாத வாக்கியங்களை எழுதித்தானே சம்பளம் வாங்கினேன். ‘சம்பவ தினத்தன்று காலை, விதிமுறைக்குப் புறம்பாக அறையில் சமையல் மேற்கொள்ளப்பட்டதாகத் தெரிய வருகிறது. புகை எச்சரிக்கைக் கருவி மறைக்கப்பட்டிருந்ததும் பின்னர் கவனத்துக்கு வந்தது.’ ஒரு பக்கம். அதில் பொய் ஒன்றுகூடக் கிடையாது. யார் பெயரும் கிடையாது. கையெழுத்துப் போடும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த பயணத்தின் பட்டியலில் சுடலை பெயர் இல்லை.

நான்காவது ஜப்பான். சமையல்காரருக்குப் பதிலாக சேஷாத்ரி இரண்டு பெட்டி நிறையப் பொட்டலங்கள் கொடுத்தனுப்பினார். வெந்நீர் ஊற்றினால் சாம்பார், வெந்நீர் ஊற்றினால் ரசம். ஊற்றிப் பார்த்ததில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பொட்டலத்தின் நிறம்தான் என்று தெரிந்தது. முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் முனகினார்கள். மூன்றாம் நாள் பேச்சே இல்லை. பேசாத விஸ்வநாதனை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

நாலாம் நாள் கியோத்தோவில் புல்லட் ரயில் ஏற வேண்டும். வண்டி ஒரு நிமிடம்தான் நிற்கும் என்று வழிகாட்டி பத்துத் தடவை சொல்லியிருந்தாள். எங்கள் ஆட்கள் குர்லாவில் காலை எட்டு மணி வண்டியில் ஏறி வேலைக்குப் போனவர்கள். ஒற்றைக் கால் வைக்க இடமிருந்தால் மீதி உடம்பைப் பின்னால் வருகிறவர்கள் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் முப்பது வருடம் வாழ்ந்தவர்கள். ஆனால் ஜப்பானுக்கு வந்து நாலு நாளாகிவிட்டதே. நாகரிகம் தொற்றிக்கொண்டுவிட்டது. வரிசையில் நின்று, “நீங்க ஏறுங்கோ”, “இல்லை, நீங்க முதல்ல” என்று ஒருவருக்கொருவர் குனிந்து வழிவிட்டார்கள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே பதினாலு பேர், வெளியே எட்டுப் பேர். வழிகாட்டி உள்ளே. நான் வெளியே.

எட்டுப் பேரில் விஸ்வநாதனும் ஒருவர். வண்டி போன திசையைப் பார்த்தபடியே பெட்டி மேல் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்தார். சர்க்கரை உடம்பு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அவர் மனைவி கையைப் பிசைந்துகொண்டு அழுதார். நான் பிளாட்பாரத்தில் இருந்த ஒரு சின்னக் கடைக்கு ஓடினேன். கடைக்கார அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது. விஸ்வநாதனைக் கையால் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, முதலில் ஒரு பழச்சாறு எடுத்து என் கையில் திணித்தாள். பிறகு சோற்று உருண்டை ஒன்றை எடுத்தாள். நான் கையால் மீன் மாதிரி நீந்திக் காட்டி, வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள், உப்பு மட்டும் போட்டது. தானே வந்து அவர் வாயருகே பிட்டுக் கொடுத்தாள்.

மாட்டுங்காவில் வெங்காயம் நறுக்கிய கத்தியால் வாழைக்காய் நறுக்கினால் எழுந்துபோகிற மனிதர், யாரோ ஒரு பெண்மணி பிட்டுக் கொடுத்த சோற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். கொஞ்சம் தெளிந்ததும் என்னைப் பார்த்து, “அந்தச் சுடலை ஏன் வரலை?” என்றார்.

“அவனுக்கு வேற ஏதோ வேலையாம்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வண்டியில் ஏறினோம். குர்லா முறையில்.

ஊருக்கு வந்த மறுநாள், சயான் ஸ்டேஷனில் இறங்கி விசாரித்துக்கொண்டே தாராவிக்குப் போனேன். செம்பூருக்கும் தாராவிக்கும் அரைமணி நேரத் தூரம். நாற்பது வருடத்தில் நான் அந்தச் சந்துகளுக்குள் போனதில்லை. கியோத்தோவில்கூட வழி தெரிந்தது, இங்கே மூன்று இடத்தில் வழி தப்பிவிட்டேன். சுடலையின் வீடு கீழ்த்தளத்தில் ஒரே அறை. பாதி அறையைக் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தது. இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க சார்” என்று எழுந்தார் சுடலை. அவர் மனைவி பேச்சியம்மாள் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ கொடுத்து, நான் ஒரு வாய் குடித்த பிறகு கேட்டாள்: “எம் புருசன் ஓட்டலுக்குத் தீ வச்சாருன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானா?”

“அப்படி எழுதலைம்மா. அதுல அவர் பேரே இல்லை.”

“உங்க பேரு இருந்திச்சா?”

“இல்லை.”

சுடலை கிரைண்டரை நிறுத்தினார். “அதான் சார். ரெண்டு பேரு பேரும் இல்லன்னா யாரு செஞ்சான்னு படிக்கவன் நெனப்பான்? கையெழுத்துப் போட்டவர நெனப்பானா, கரண்டி பிடிச்சவன நெனப்பானா?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. மாவுக்கு உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

டம்ளரைக் கீழே வைத்தேன். தப்பு என்னுடையதுதான், உங்களைப் பண்ணச் சொன்னதும் நான், தொப்பி மாட்டச் சொன்னதும் நான், கதவைத் திறந்ததும் நான் என்று சொன்னேன். அடுத்த மாதம் வியட்நாம், நீங்கள் வர வேண்டும், சேஷாத்ரியிடம் நான் பேசுகிறேன் என்றேன்.

“பேச்சியிட்ட கேளுங்க” என்றார் சுடலை.

பேச்சியம்மாள் யோசிக்கவே இல்லை. “இங்கன வந்து எங்கிட்ட சொன்னா போதுமா? இத்தனை பேரு இவர ஒரு மாதிரி பாத்தாங்கல்லா, அத்தனை பேரு முன்னாலயும் சொல்லணும். பஸ்ல நீங்க மைக் பிடிச்சுப் பேசுவியளாமே, அதுல சொல்லுங்க. அப்புறம் ஒண்ணு. இவரு மூணு நாட்டுக்குப் போயிட்டு வந்தாரு. என்ன பாத்தியன்னு கேட்டா, அடுப்ப பாத்தேங்காரு. இந்தத் தடவ ஒரு நாளாவது உங்க கூட வந்து ஊரப் பாக்கணும்.”

சேஷாத்ரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்த ஃபைல் மூடியாச்சு சார். இப்போ எதுக்கு? ஜப்பான் சாப்பாட்டைப் பத்தி இருபத்திரண்டு புகார் வந்திருக்கு. சுடலை வரானா இல்லையா?” என்றார். உண்மைக்கு அங்கே இருந்த மதிப்பு அவ்வளவுதான். சுடலை பெயர் பட்டியலில் ஏறியது.

வியட்நாமில் முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் ஒரு சுற்று சதை போட்டது. அடை, வத்தக்குழம்பு, பூசணிக்காய்க் கூட்டு. தெருவில் ஒரு கோடி ஸ்கூட்டர்கள் ஓடின. சாலையைக் கடக்க அஞ்சிய வெள்ளைக்காரர்களைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு எங்கள் மாமிகள் சாதாரணமாகக் கடந்தார்கள். நான் மட்டும் மைக்கைக் கையில் எடுப்பதும், ‘இடது பக்கம் தெரிவது ஏரி’ என்று சொல்லிவிட்டு வைப்பதுமாக இருந்தேன். சுடலை என் தட்டில் மட்டும் இன்னொரு அடை வைத்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் படகில் ஹாலோங் விரிகுடா பார்க்கக் கிளம்பினோம். சுடலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு வந்து, பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். “அப்போ மத்தியானச் சாப்பாடு?” என்று யாரோ பதறினார்கள். நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

“இன்டர்லாக்கன்ல அலாரம் அடிச்சதே, அது சுடலை தப்பு இல்லை. அவர் வேண்டாம்னுதான் சொன்னார். அறையில சமைக்கச் சொன்னது நான். தொப்பி மாட்டச் சொன்னதும் நான். கதவைத் தொறந்ததும் நான். என்னாலதான் அவர் ஜப்பானுக்கு வர முடியலை. உங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்னு தோணித்து.”

விஸ்வநாதன் தொண்டையைக் கனைத்தார்.

“இது தெரிஞ்ச விஷயம்தானே ஓய்.”

“எப்படி?”

“அன்னிக்கு நீர் எங்களைப் போகச் சொன்னீர். நாங்க போகலை. உப்புமா நெஜமா பண்றானான்னு பாக்க, அவன் ரூமுக்குப் பக்கத்து மாடிப்படிகிட்டயே நின்னுண்டிருந்தோம். நீர் சொன்னது எல்லாம் பராபர், ஒரு வார்த்தை விடாம, காதுல விழுந்தது. பஸ் ஏறறதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுடுத்து.”

“அப்போ ஏன் யாரும் ஒரு வார்த்தை சொல்லலை?”

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். அவர் மனைவிதான் பதில் சொன்னார். “சொன்னா, உப்புமா கேட்டது யாருன்னு அடுத்த கேள்வி வருமே.”

இருபத்திரண்டு பேரும் தத்தம் கைப்பைகளில் எதையோ தேடினார்கள். நான் ஒருவன்தான் திருடன் என்று ஐந்து மாதம் தூக்கமில்லாமல் இருந்தேன். ஒரு பஸ் நிறையப் பங்காளிகள் இருந்திருக்கிறார்கள்.

சுடலை எழுந்து முன்னால் வந்தார். மைக்குக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

“எல்லாருக்கும் வணக்கம்” என்றார். “இன்னைக்கு எனக்கு லீவு. படகுல என்ன குடுக்கானோ அதச் சாப்பிடுங்க. மீனு வேண்டாம்னு நான் சொல்லி வச்சிருக்கேன். பிடிக்கலன்னா பேசாம இருங்க. பேசாம இருக்கத்தான் உங்களுக்கு நல்லாத் தெரியுமே.”

முதலில் சிரித்தது விஸ்வநாதனின் மனைவி. பிறகு ஒவ்வொருவராக, கொஞ்சம் அசட்டுத்தனமாக. விஸ்வநாதன் சிரிக்கவில்லை. எழுந்து, முன் வரிசையில் தன் சன்னல் இருக்கையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, “இங்கே உக்காருப்பா, நன்னாத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார். மன்னிப்பு என்ற வார்த்தை கடைசி வரை அவர் வாயில் வரவில்லை. வங்கி அதிகாரிகள் அவ்வளவுதான் தருவார்கள்.

படகில் வெறும் சோறும், வதக்கிய முட்டைக்கோசும், வேர்க்கடலைப் பொடியும் வைத்தார்கள். இருபத்திரண்டு பேரும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சாப்பிட்டார்கள். இரண்டு பேர் இன்னொரு முறை கேட்டு வாங்கினார்கள்.

சாப்பாடு முடிந்து மேல்தளத்துக்குப் போனேன். பச்சைத் தண்ணீரிலிருந்து பாறைகள் ஆயிரக்கணக்கில் எழும்பி நின்றன. சுடலை கம்பியில் சாய்ந்து, கைபேசியில் பேச்சியம்மாளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கைபேசியை என் பக்கம் திருப்பினார்.

“சொல்லிட்டியளா?” என்றாள் பேச்சியம்மாள்.

“சொல்லிட்டேன்மா.”

“எல்லாரு முன்னாலயுமா?”

“எல்லார் முன்னாலயும். மைக்ல.”

அவள் திரைக்கு நெருங்கி என் முகத்தைப் பார்த்தாள். நிஜமா என்று சரிபார்க்கிறாள் என்று தோன்றியது.

“சரி” என்றாள். “மூஞ்சிய எடுங்க. அந்தத் தண்ணியக் காட்டுங்க.”

கைபேசியைச் சுடலையிடமிருந்து வாங்கி, உயரப் பிடித்து, படகின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை மெதுவாக நடந்தேன். ஒவ்வொரு பாறையாகக் காட்டினேன்.